ஜாக்கை நம்பாதே

பயம் வந்தால் சிலருக்குக் கை நடுங்கும், சிலருக்கு நாக்கு உலரும். எனக்கு வாய் நீளும். அன்று கிள்ளானில் குமுதா வீட்டு வாசலில் நான் ஓயாமல் பேசிக்கொண்டிருந்தேன் என்றால், உள்ளுக்குள் எப்படி இருந்திருப்பேன் என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

"கௌஸ், கொஞ்சம் வாய மூடு லா," என்றார் சீதாலெட்சுமி அக்கா.

அக்கா என் முதலாளி. பிரிக்பீல்ட்ஸில் ஒரு பூக்கடைக்கு மேல்மாடியில் துப்பறியும் அலுவலகம் வைத்திருக்கிறார். அதற்கு முன் இன்சூரன்ஸ் கம்பெனிக்காக நொறுங்கிய கார்களைப் பார்த்து, ஓட்டியவன் சொல்வது மெய்யா பொய்யா என்று சொல்லும் வேலை. மனிதர்களைவிட இரும்பைத்தான் அதிகம் நம்புவார். நான் கௌஸ். அவருக்கு உதவியாளன், டிரைவர், தே தாரிக் டீ வாங்கி வருபவன், அடி விழும் என்று தெரிந்த இடங்களுக்கு முன்னால் அனுப்பப்படுபவன்.

"இன்னொரு தடவ போடுங்க குமுதா."

குமுதா போனை நீட்டினாள். கணவனின் தொழிலுக்கு வரும் அழைப்புகளை அவள்தான் எடுப்பாள். அதனால் அந்தப் போன் எல்லாப் பேச்சையும் தானாகவே பதிவு செய்துவிடும். முதலில் ஒரே இரைச்சல். பிறகு எங்கோ அடியிலிருந்து வருவதுபோல ஓர் ஆண் குரல்.

"குமு... ஜாக்க நம்பாத... குமு... ஜாக்க..."

அத்தோடு அறுந்துவிட்டது. எத்தனை தடவை கேட்டாலும் சாகப்போகிறவன் பேசுவது போலவே இருந்தது.

குரல் திருச்செல்வத்துடையது. சேற்றிலும் காட்டிலும் சிக்கிக்கொண்ட வண்டிகளை இழுத்து வெளியே எடுப்பது அவர் தொழில். நேற்று முன்தினம் சாயங்காலம், ஜெஞ்சாரோம் பக்கத்தில் ஒரு செம்பனைத் தோட்டத்தில் லோரி சிக்கிவிட்டது என்று யாரோ கூப்பிட, தன் ஃபோர் பை ஃபோர் பிக்கப்பை எடுத்துக்கொண்டு போனார். இரவில் இந்த ஓர் அழைப்பு. அதன்பிறகு போன் அடங்கிவிட்டது. மறுநாள் தோட்டத்துக் காவலாளி, கால்வாய்க் கரையில் சாவியோடு அநாதையாக நின்ற பிக்கப்பைப் பார்த்து, கதவில் எழுதியிருந்த எண்ணுக்குப் போன் செய்தார். போலீஸார் வந்து கால்வாயில் ஆளை இறக்கித் தேடினார்கள். தண்ணீர் இழுத்துக்கொண்டு போயிருக்கும் என்று சொல்லி, வண்டியைக் குமுதாவிடம் கொடுத்தனுப்பிவிட்டார்கள்.

"அவருக்கு இனிப்பு நீர் இருக்குக்கா," என்றாள் குமுதா. "ஊசி போடலனா மயக்கம் வந்துரும். ஊசிப் பை வண்டியிலயே கெடக்கு. உசிரோட இருந்தாலும் இன்னிக்குத் தாங்குவாரானு தெரியல."

அவள் அழவில்லை. அதுதான் எனக்கு இன்னும் பயமாக இருந்தது.

"ஜாக்க நம்பாதனா என்ன அர்த்தம்?" என்று கேட்டார் அக்கா.

"அவர்கிட்ட தொழில் பழக வர்றவங்களுக்கு அதான் மொத பாடம். ஜாக்கு மேல நிக்கிற வண்டிக்கு அடியில தலைய விடாதனு சொல்லிக்கிட்டே இருப்பாரு. போலீஸ்லயும் இதத்தான் சொன்னேன். வண்டி நல்லா கரையில நிக்குது, அப்புறம் யாரு எதுக்கு அடியில போனானு கேட்டாங்க. எனக்குப் பதில் சொல்லத் தெரியல."

"சரி. அந்த ஜாக்க நான் பாக்கணும்."

ஹைலிஃப்ட் ஜாக்கு என்றால் காரின் பின்பெட்டியில் கிடக்கும் குட்டிச் சாமான் இல்லை. என் நெஞ்சு உயரத்துக்கு நெட்டையான இரும்புக் கம்பி. உடம்பெல்லாம் ஓட்டை. அந்தக் கம்பியில் ஏறி இறங்கும் ஓர் இரும்புக் கட்டை, அதற்கு ஒரு மூக்கு, ஒரு நீளக் கைப்பிடி. மூக்கை வண்டிக்கு அடியில் கொடுத்துக் கைப்பிடியை ஆட்டினால், உள்ளே இருக்கும் பின், அதாவது ஓர் இரும்பு முளை, ஒவ்வோர் ஓட்டையாகப் பிடித்து மேலே ஏறும். பிக்கப்பின் பின்புறத்தில், அதற்கென்று செய்த இரும்புத் தாங்கியில் அதை மாட்டி, கட்டையை மட்டும் மூடும்படி கறுப்பு உறை போட்டிருந்தது. தாங்கிக்கு இரண்டு பூட்டு.

"உறை நான் தெச்சது," என்றாள் குமுதா. "லோரி கான்வாஸ். சேறு பட்டா பின்னு எறங்காதாம். கல்யாணத்துக்கு எடுத்த சீல பீரோல சும்மா கெடக்கு, இந்த இரும்புக்கு உறை, இதுக்குப் பூட்டு." சிரிக்கப் பார்த்தாள். முடியவில்லை.

அக்கா உறையின் ஜிப்பை இழுத்தார். உள்ளேயிருந்து காய்ந்த சேறு பொலபொலவென்று என் செருப்பில் விழுந்தது.

"அவரு இப்படி மூட மாட்டாரு!" என்று குமுதா கத்திவிட்டாள். "கழுவி, தொடச்சு, எண்ணெய் விட்டு, காய வெச்சுதான் உறை போடுவாரு. அழுக்கோட மூடுனா துரு பிடிக்கும்னு என்னையே திட்டுவாரு."

"உறைக்கு வெளிய சுத்தமா இருக்கு. உறைக்கு உள்ள சேறு," என்று அக்கா மெதுவாகச் சொன்னார். "இந்த ஜாக்க கடைசியா எடுத்து வெச்சது உங்க வீட்டுக்காரர் இல்ல. வேற ஒருத்தன் கை. தெரியாத ஜாக்கு, தெரியாத பழக்கம். இருந்த இடத்துலயே இருக்கணும்னு நல்ல பிள்ளையா திருப்பி மாட்டி உறையையும் போட்டிருக்கான்."

"திருடன்னா எடுத்துட்டுப் போயிருப்பானே," என்றேன்.

"அதான் கௌஸ். ஜாக்கு காணாமப் போனா குமுதா தேடுவாங்க. தேடுனா எதுக்குப் பயன்பட்டதுனு கேள்வி வரும்." அக்கா குனிந்து மூக்குப் பகுதியைக் காட்டினார். அங்கே பச்சை பெயிண்ட் நகத்தளவுக்கு உரிந்து ஒட்டியிருந்தது. "லோரிய தூக்கல. பச்சை பெயிண்ட் அடிச்ச, பாரமான எதையோ தூக்கியிருக்கு. அது எங்க இருக்கோ அங்கதான் நம்ம ஆளு."

ஆளா, ஆளின் உடலா என்று கேட்க வாய் வந்தது. குமுதாவின் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டேன். என் வாழ்க்கையில் அபூர்வமாக நடக்கும் காரியம் அது.

சேற்றைத் தொடாமல் உறையை அப்படியே மூடி, அதே பிக்கப்பில் நானும் அக்காவும் கிளம்பினோம். கைப்பிடி ஆடிச் சத்தம் போடாமல் இருக்க, குமுதா பழைய மோட்டார்சைக்கிள் டியூபில் வெட்டிய ரப்பர் பட்டையால் அதைக் கம்பியோடு சேர்த்து இறுக்கிக் கட்டினாள்.

"கைப்பிடிக்கும் கம்பிக்கும் நடுவுல வெரல வெச்சிராதீங்க பாய். அவருக்கே ஒரு தடவ நகம் பேந்துருச்சு."

"எனக்கு இருக்கிறதே பத்துதான். பத்திரமா பாத்துக்கிறேன்," என்றேன்.

ஜெஞ்சாரோம் தாண்டி மண் பாதையில் திரும்பியதும் எனக்குப் பேச்சு இன்னும் பெருகியது. செம்பனை மரங்கள் இரண்டு பக்கமும் வரிசையாக நின்றன. மட்டைகள் மேலே கூடிக்கொண்டு பட்டப்பகலிலேயே உள்ளே இருட்டாக இருந்தது. எந்த வரிசையைப் பார்த்தாலும் முந்தைய வரிசை மாதிரியே இருந்தது. இங்கே ஒருவனைத் தொலைத்தால் அவனே நினைத்தாலும் கிடைக்கமாட்டான்.

"அக்கா, எனக்கு இன்னும் கல்யாணம் ஆகல. அத ஞாபகம் வெச்சுக்குங்க."

"உன்னக் கட்டிக்கப்போற பொண்ணுக்கு நான் செய்யிற நல்லதுன்னு வெச்சுக்க."

வாயிலில் காவல் கொட்டகை. அதிலிருந்து வெளியே வந்த காவலாளிக்கு ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். வெளுத்த செக்யூரிட்டி சட்டை, நெற்றியில் கீற்றாய்த் திருநீறு, பேச்சில் அப்படி ஒரு பணிவு. பெயர் ரெங்கசாமி என்றார். வண்டியைப் பார்த்ததும் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார்.

"பாவம்மா. வண்டியப் பாத்ததும் எனக்குக் கை கால் ஓடல. இந்தக் கால்வா ஆளையே முழுங்கிரும். உக்காருங்க, தண்ணி குடிக்கிறீங்களா?"

எனக்கு அவரைப் பிடித்துவிட்டது. இந்தக் காட்டில் தமிழ் பேசும் ஓர் ஆள், அதுவும் சட்டையில் செக்யூரிட்டி என்று எழுதியிருக்கும் ஆள், கூட இருப்பதே பெரிய தைரியம். பிளாஸ்கிலிருந்து அவர் ஊற்றிக் கொடுத்த கோப்பியைக் குடித்தேன்.

"அன்னிக்கு லோரி ஏதாச்சும் உள்ள சிக்குச்சா அண்ணே?" என்று அக்கா கேட்டார்.

"லோரியா? அப்படி ஒண்ணும் வரலம்மா. வந்தா எனக்குத் தெரியாம போவுமா?" வண்டியைச் சுற்றி நடந்தவர் பின்னால் போய் நின்றார். "இந்த ஜாக்க கழுவிருங்க தம்பி. உள்ள சேறு காஞ்சு கெடந்தா அப்புறம் பின்னு எறங்காது. இங்கயே கொழா இருக்கு. நானே கழுவித் தரேன்."

"எவ்ளோ நல்ல மனசு," என்றேன் அக்காவிடம்.

அக்கா கொட்டகையை ஒருமுறை பார்த்தார், அவரைப் பார்த்தார், பிறகு இன்சூரன்ஸ் காலத்துச் சிரிப்பு ஒன்றைச் சிரித்தார்.

"கழுவலாம்ணே, அப்புறமா. மொத வண்டி நின்ன எடத்த இந்தத் தம்பிக்குக் காட்டுங்க. கௌஸ், ஜாக்க கழட்டித் தூக்கிக்க. கரையில ஜாக்கோட அடித்தகடு பதிஞ்ச தடம் இருக்கானு வெச்சுப் பாரு. எனக்கு முட்டி வலி, நான் இங்கயே உக்காந்திருக்கேன்." பிறகு என் காதருகே வந்து, "எது வந்தாலும் ஜாக்க கைய விட்டு எறக்காத," என்றார்.

முட்டி வலியா? நேற்றுதான் மின்தூக்கி கெட்டுப்போய் மாடிப்படியில் எனக்கு முன்னால் ஓடிய பெண்மணி. ஆனால் முதலாளி முட்டி வலி என்றால் வலிதான்.

ஜாக்கைத் தோளில் சாய்த்துக்கொண்டு கால்வாய்க் கரையில் நடந்தேன். நல்ல கனம். உறைக்குள் கட்டை ஒவ்வோர் அடிக்கும் என் காதோரம் முனகியது. ரெங்கசாமி பாம்பு கிடக்கும் என்று சொல்லி ஒரு பாராங் கத்தியை எடுத்துக்கொண்டு பின்னால் வந்தார். முன்னால் போங்கள் அண்ணே என்றேன். இல்லை தம்பி, நீங்கள் போங்கள், நான் பார்த்துக்கொள்கிறேன் என்றார்.

தூறல் விழத் தொடங்கியது. கால்வாய்த் தண்ணீர் கறுப்பாக, சத்தமே இல்லாமல் ஓடிக்கொண்டிருந்தது.

"பாரமா இருக்குமே. குடுங்க, நான் தூக்கிட்டு வரேன்."

"பரவாயில்லண்ணே."

கொஞ்ச தூரம் போனதும் மறுபடி. "தோள் பட்டை வலிக்கும் தம்பி. குடுங்க."

உண்மையிலேயே வலித்தது. அக்கா எங்கே பார்க்கப்போகிறார்? ஒரு நல்ல மனிதர் வலிய வந்து கேட்கிறார். நின்று, ஜாக்கைத் தோளிலிருந்து இறக்கி அவர் பக்கம் நீட்டினேன். அவர் கையும் கம்பியைத் தொட்டுவிட்டது.

அப்போது தூரத்தில், மரங்களுக்கு நடுவே மோட்டார்சைக்கிளை நிறுத்திய ஓர் இந்தோனேசியப் பெண், யாரையோ கூப்பிடுவதுபோல இரண்டு கைகளையும் வாயில் குவித்துக் கத்தினாள்.

"ஜாகா... ஜாகாஆ..."

மழையில் உடைந்து, பாதி தேய்ந்து, அந்தச் சொல் என்னிடம் வந்து சேர்ந்தது. ரெங்கசாமி அவளைப் பார்த்துப் பாராங்கை உயர்த்தி அசைத்தார்.

நீட்டிய ஜாக்கை இறுகப் பிடித்துக்கொண்டேன்.

ஜாகா. மலாயில் காவல்காரன். தோட்டத்துத் தமிழர் வாயில் அது தமிழாகவே ஆகி எத்தனையோ தலைமுறை ஆகிறது. நான் பிரிக்பீல்ட்ஸில் வளர்ந்தவன், செக்யூரிட்டி என்பேன். குமுதா செராஸ் அடுக்குமாடியில் வளர்ந்தவள், கார்டு என்பாள். ஆனால் திருச்செல்வம் தோட்டத்தில் பிறந்தவர் என்று வரும் வழியில் அக்கா சொல்லியிருந்தார். அவர் வாயில் என்ன வரும்?

ஜாக்க நம்பாத என்று அவர் சொல்லவே இல்லை. ஜாகாவ நம்பாத என்றுதான் சொல்லியிருக்கிறார். பெண்டாட்டி காதில் இருபத்துநாலு மணி நேரமும் ஜாக்குதான். அவள் ஜாக்கு என்று கேட்டாள், எங்களுக்கும் ஜாக்கு என்று சொன்னாள், நாங்களும் ஜாக்கு என்றே கேட்டோம்.

நான் கோப்பி வாங்கிக் குடித்த அந்த ஜாகா, ஒரு கையில் பாராங்கும் மறு கையில் ஜாக்கின் நுனியுமாக என் முன்னால் நின்றுகொண்டிருந்தார்.

"என்ன தம்பி? குடுங்க."

"அக்கா திட்டும்ணே," என்றேன். அது என் குரல் என்றே எனக்குத் தெரியவில்லை. வாய் நீளவில்லை. பயத்தில் அப்படி ஆனது அதுதான் முதல்முறை.

அந்த நேரம் பார்த்து என் போன் அடித்தது. ஒரு கையால் எடுத்தேன். அக்கா மூச்சுவாங்கப் பேசினார், அந்தக் கரை முழுக்கக் கேட்கும்படி.

"கௌஸ், ஆளு உசிரோட இருக்காரு! கொட்டகைக்குப் பின்னால பழைய தண்ணித் தொட்டி. மேல பச்சை இரும்பு மூடி, மட்டைய போட்டு மறைச்சிருக்கான். உள்ள தட்டுறாரு. கூரைத் தண்ணி பூரா தொட்டிக்குள்ளதான் எறங்குது. என்னால மூடிய அசைக்க முடியல. ஜாக்கு வேணும். ஓடியா!"

நான் ரெங்கசாமியைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்தார். அவர் முகத்தில் இருந்தது கோபம் இல்லை. என் முகத்தில் இருந்த அதே பயம்தான். அதுதான் ஆபத்து, பயந்தவன் எதையும் செய்வான்.

"குடு," என்றார். 'குடுங்க' போய்விட்டது. "குடுடா. கால்வாயில போட்டுட்டா எல்லாம் முடிஞ்சிரும்."

பாராங் கீழே விழுந்தது. இரண்டு கையாலும் ஜாக்கைப் பிடித்து இழுத்தார். நானும் இழுத்தேன். எங்கள் கால்களுக்குக் கீழே கரை வழுக்கியது. சிறுகற்கள் தண்ணீரில் விழும் சத்தம் கேட்டது. அவர் என்னைவிடப் பலசாலி. மண் வெட்டிப் பழகிய கை. என் கையோ ரொட்டி பிய்த்துப் பழகியது. ஜாக்கு என் பிடியிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக நழுவியது. தொட்டிக்குள் தண்ணீர் இறங்கிக்கொண்டிருப்பதை மட்டும் நினைத்தேன். இது போனால் அவர் போனார்.

ரப்பர் பட்டையைப் பல்லால் கடித்து இழுத்தேன். அறுந்தது. கைப்பிடி விடுபட்டுத் தொங்கியது. ரெங்கசாமியின் விரல்கள் கம்பியைச் சுற்றி, சரியாகக் கைப்பிடி வந்து படியும் இடத்தில் இருந்தன. கண்ணை மூடிக்கொண்டு, என் முழு பலத்தோடும் கைப்பிடியைக் கம்பியோடு அறைந்தேன்.

அவர் போட்ட அலறல் இன்னும் என் காதில் இருக்கிறது.

ஜாக்கை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஓடினேன். திரும்பிப் பார்க்கவில்லை. பின்னால் காலடிச் சத்தம் கேட்பதாகவே இருந்தது. அது அவருடையதா என் இதயமா என்று தெரியவில்லை. மழை வலுத்துவிட்டது. இரண்டு தடவை விழுந்தேன். இரண்டு தடவையும் ஜாக்கு தரையில் படாமல் நான்தான் முதலில் பட்டேன்.

கொட்டகைக்குப் பின்னால், மட்டைகளை இழுத்துப் போட்டுவிட்டு அக்கா மண்டியிட்டிருந்தார். லோரித் தளம் மாதிரி ஒரு தடித்த இரும்பு மூடி. கூரையின் தகரக் குழாயைப் பிடுங்கித் தூரத் தள்ளியிருந்தார். ஆனாலும் நாலு பக்கத்திலிருந்தும் தண்ணீர் மூடியின் இடுக்கில் இறங்கிக்கொண்டிருந்தது.

"தட்டுற சத்தம் நின்னுருச்சு கௌஸ்," என்றார். அக்காவின் குரல் நடுங்கி நான் கேட்டது அன்றுதான்.

உறையைப் பிய்த்தோம். மூக்கை மூடியின் விளிம்புக்கு அடியில் கொடுத்துக் கைப்பிடியை அழுத்தினேன். ஏறவில்லை. மறுபடி அழுத்தினேன். பின் இறங்கமாட்டேன் என்றது. காய்ந்த சேறு அதன் வாயைக் கட்டியிருந்தது.

"அக்கா, கழுவணும்."

அந்தச் சேறுதான் எங்கள் சாட்சி. அந்தப் பச்சை பெயிண்ட்தான், இந்த ஜாக்கு இந்த மூடியைத் தொட்டது என்பதற்கு இருக்கும் ஒரே அத்தாட்சி. வாழ்நாள் முழுக்க இரும்பின் சாட்சியை வைத்தே பிழைத்தவர் ஒரு கணம்கூட யோசிக்கவில்லை. கொட்டகையின் குழாயை முழுக்கத் திறந்து ஜாக்கை அதற்கடியில் பிடித்தார்.

"சாட்சி போனாப் போவட்டும். ஆளு வேணும்."

தன் தலைமுடி ஊசியால் பின்னைச் சுற்றிக் குத்திக் குத்திச் சேற்றை எடுத்தார். சமையலுக்கு அந்த மனிதர் வைத்திருந்த எண்ணெய்ப் போத்தலைக் கொட்டினார். டக் என்று பின் உள்ளே விழுந்தது. அந்தச் சத்தத்துக்கு நான் அழுதேன் என்று சொன்னால் சிரிப்பீர்கள். சிரித்துக்கொள்ளுங்கள்.

ஜாக்கின் அடி சேற்றில் இறங்கியது. கொட்டகைப் பெஞ்சின் பலகையைப் பெயர்த்து அடியில் கொடுத்தோம். டக், டக், டக். மூடி ஒரு விரல் உயர்ந்தது, ஒரு சாண் உயர்ந்தது. அந்த இந்தோனேசிய அக்கா மோட்டார்சைக்கிளைப் போட்டுவிட்டு ஓடி வந்தார். என்ன, ஏது என்று கேட்கவில்லை. பிக்கப்பின் உபரி டயரை அவரும் சீதாலெட்சுமி அக்காவும் உருட்டி வந்து, ஜாக்கு சறுக்கினாலும் மூடி விழாதபடி இடுக்கில் தள்ளினார்கள்.

உள்ளே இருட்டு. குப்பென்று அழுகிய தண்ணீர் வாடை. நான் குப்புறப் படுத்து, தோள் வரை உள்ளே நுழைந்து கையால் துழாவினேன். தலைக்கு மேல் அந்த மூடி. அதைப் பிடித்துக்கொண்டிருப்பது ஓர் இரும்புக் கம்பியும் ஒரு டயரும்.

"திருச்செல்வம் அண்ணே!"

பதில் இல்லை. தண்ணீர் மட்டும் சொட்டியது. இன்னும் கொஞ்சம் உள்ளே போனேன். ஈரத்தில் ஏதோ தட்டுப்பட்டது. சில்லென்று, கட்டை மாதிரி. ஒரு கை. இறந்துவிட்டார் என்று நினைத்தேன். அந்த விரல்கள் மெல்ல மடங்கி என் கையைப் பிடித்தன.

மூவரும் சேர்ந்து இழுத்தோம். கழுத்து வரை தண்ணீரில், சுவரில் சாய்ந்து நின்றிருந்த மனிதர் சேறும் நடுக்கமுமாக வெளியே வந்தார். கண் திறக்கவில்லை. உதடு மட்டும் அசைந்தது. அக்கா ஆம்புலன்ஸைக் கூப்பிட்டுவிட்டு, குமுதாவுக்குப் போன் போட்டு அவர் காதில் வைத்தார்.

"குமு," என்றார் அவர்.

போனுக்குள்ளிருந்து ஒரு சத்தம் வந்தது. அதுவரை அழாத பெண் அழுத அழுகை அது. நான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன்.

ரெங்கசாமி தானாகவே திரும்பி வந்தார். ஓடுவதற்குக்கூட அவருக்குத் தைரியம் இல்லை. வீங்கிய கையை மடியில் வைத்துக்கொண்டு கொட்டகை ஓரத்தில் மழையிலேயே உட்கார்ந்தார். தோட்டத்துக்குள் யாருக்கும் தெரியாமல் ரசாயன டிரம்களைக் கொட்ட வரும் லோரிகளுக்கு அவர்தான் வாயில் திறந்துவிடுவாராம். அன்று சிக்கிய லோரியை இழுத்துவிட்ட திருச்செல்வம் டிரம்களைப் பார்த்துவிட்டார். இங்கே இன்னும் இருக்கிறதா என்று கேட்டு, தன் ஜாக்காலேயே தொட்டி மூடியைத் தூக்கி உள்ளே இறங்கிப் பார்த்திருக்கிறார்.

"நான் கொல்லலம்மா," என்றார் ரெங்கசாமி. "ஜாக்க எறக்குனேன், வண்டியக் கொண்டுபோயி கரையில விட்டேன். அவ்வளவுதான். அப்புறம் தொறக்கலாம்னுதான் இருந்தேன். தொறந்தா அவரு என்ன செய்வாரோனு பயமாயிருச்சு. நேரம் ஆக ஆக இன்னும் பயமாயிருச்சு."

அக்கா அவரை அடிக்கவில்லை, திட்டவும் இல்லை. "மூடுன உறைக்குள்ள சேறு இருக்குனு உங்களுக்கு யாருண்ணே சொன்னா?" என்று மட்டும் கேட்டார். அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. "அக்கா, வந்ததுமே தெரியும் உங்களுக்கு. தெரிஞ்சும் ஏன் என்னைய அந்த ஆளுகூட அனுப்புனீங்க?"

"அவன கொட்டகைய விட்டுக் கெளப்பணும். ஜாக்கு எங்க போவுதோ அங்கதான் அவனும் போவான். உங்கிட்ட சொல்லியிருந்தா உன் மூஞ்சியே காட்டிக் குடுத்திருக்கும்." சற்று நிறுத்திவிட்டுச் சொன்னார்: "மூடியத் தூக்க அந்த ஜாக்குதான் வேணும்னு எனக்குத் தோணல கௌஸ். அங்க என் புத்தி தடுக்கிருச்சு. உன்னத்தான் நம்பியிருந்தேன்."

நான் திருச்செல்வத்தின் முகத்தில் மழை படாமல் குனிந்துகொண்டேன்.

ஆம்புலன்ஸ் வந்தது. இரண்டு பேர் தூக்குபடுக்கையோடு இறங்கி, திருச்செல்வத்தைப் போர்த்தி, மருந்து ஏற்ற ஊசி குத்தி, தூக்கத் தயாரானார்கள். அவர்களில் ஒரு தமிழ் இளைஞர் என் தோளைத் தொட்டார்.

"அண்ணே, கைய விடுங்க. ஏத்தணும்."

"நான் என்ன செய்யிறது? தொட்டியிலேர்ந்து புடிச்சவரு, விட மாட்றாரு," என்றேன்.

அவர் குனிந்து பார்த்தார். நானும் பார்த்தேன். திருச்செல்வத்தின் விரல்கள் விரிந்து தளர்ந்து கிடந்தன. பிடித்துக்கொண்டிருந்தது நான்தான்.